ஊருக்காக வசூல் பண்ணப் போறீங்களா? முதல்ல உங்க ஜிபேயை மூடி வைங்க!



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில போன். உத்தமபாளையம் பக்கத்துக் கிராமத்துல பிறந்து, சென்னையில ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி. நம்ம வீடியோக்களை ஆரம்பத்துல இருந்து பார்க்கிறவர்.

"அண்ணே, வீட்டுக் கடனுக்கு அப்ளை பண்ணியிருந்தேன். பேங்க்ல ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துட்டு, 'சைடுல ஏதாவது பிசினஸ் பண்றீங்களா சார்?'னு கேக்குறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே."

பிசினஸ் ஒண்ணும் இல்லை. ஊர்ல பிள்ளைங்க சாயங்காலம் உக்காந்து படிக்க ஒரு இடம், கூடவே சின்னதா ஒரு நூலகம். கூடப் படிச்ச பசங்க சேர்ந்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. "யார் நம்பருக்கு அனுப்புறது?"னு பேச்சு வந்தப்ப, இவர் நல்ல பையன், எல்லாருக்கும் நம்பிக்கை, "என் ஜிபேக்கே அனுப்புங்கடா"ன்னு சொல்லிட்டார். 71 பேர் சேர்ந்து 4,12,500 ரூபாய் அனுப்பிட்டாங்க. எல்லாம் அவரோட சம்பளக் கணக்குக்கே.

பில் இருக்கிற செலவு 3,46,000. கொத்தனார், தச்சர்னு பில் இல்லாமக் கையில குடுத்தது 43,500. அப்படின்னா மீதி 23,000 இருக்கணும் இல்லையா? எங்க இருக்கு? அவரோட சம்பளம், வாடகை, கிரெடிட் கார்டு பில்லு எல்லாத்தோடயும் கலந்து கரைஞ்சு போச்சு. அவர் எடுத்துச் செலவழிச்சார்னும் சொல்ல முடியாது, எடுக்கலைன்னும் சொல்ல முடியாது. குரூப்ல ஒருத்தர் சாதாரணமாத்தான் கேட்டிருக்கார்: "மீதி எவ்வளவு மாப்ள இருக்கு?" இவருக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. பத்து வயசுல இருந்து பழகின ரெண்டு பேரும் இப்போ பேசிக்கிறது இல்லை.

கேட்டவர் மேலயும் தப்பு இல்லை, வாங்கினவர் மேலயும் தப்பு இல்லை. வாங்கின இடம்தான் தப்பு.

வரி விஷயத்தைக் கேட்டீங்கன்னா இன்னும் வயித்தைக் கலக்கும். ஒரு நிதியாண்டுல சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து மொத்தமா 50,000 ரூபாய்க்கு மேல பணமா வந்தா, அந்த முழுத் தொகையும் உங்க வருமானம்னுதான் வரிச் சட்டம் பார்க்கும். 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவர்னா 4,12,500க்கு வரி 82,500, செஸ் சேர்த்தா 85,800. "இது என் பணம் இல்லைங்க, ஊருக்காக வாங்கினது"ன்னு நிரூபிச்சா தப்பிக்கலாம். நிரூபிக்கிற வேலை உங்களோடது. அதுக்குத் தனிக் கணக்கு, பேர் பட்டியல், பில்லு எல்லாம் வேணும். இவர்கிட்ட இருந்தது வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்.

வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷத்துல நம்மில் பலருக்கு "ஊருக்கு ஏதாவது செய்யணும்"னு தோணும். நல்ல விஷயம். அதைப் பணமாத் திரட்டுறது எப்படின்னு அந்தத் தம்பிக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்து சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

மொய் நோட்டு படிச்ச ஊர்க்காரங்க நாம

தேனி, உசிலம்பட்டி, மதுரைப் பக்கம் விசேஷத்துக்குப் போயிருக்கீங்களா? மண்டபத்து வாசல்ல மேசை போட்டு ஒருத்தர் பணத்தை வாங்கி எண்ணுவார், பக்கத்துல இன்னொருத்தர் பேர், ஊர், தொகை எழுதுவார். சில இடத்துல மைக்லயே வாசிப்பாங்க. இப்போ லேப்டாப், பிரிண்டர் எல்லாம் வச்சு கையோட ரசீது குடுக்கிறாங்க. விசேஷம் முடிஞ்சதும் அந்த நோட்டு பீரோவுக்குள்ள நகையோட போய் உக்காந்துக்கும். இருபது வருஷம் கழிச்சும் "உங்க அப்பா எங்களுக்கு 501 செஞ்சிருக்கார்"னு எடுத்துக் காட்டுவாங்க.

கவனிச்சுப் பாருங்க. பணம் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே பேர் எழுதப்படுது. பணத்தைத் தொடறவர் ஒருத்தர், எழுதறவர் வேற ஒருத்தர். எல்லார் முன்னாடியும் நடக்குது. நாங்க சிஏ பரீட்சைக்கு இன்டர்னல் கன்ட்ரோல்னு பக்கம் பக்கமா மனப்பாடம் பண்ணினது இதைத்தான். என் தாத்தாவுக்குப் பரீட்சை எழுதாமலே தெரிஞ்சிருந்தது!

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுறதும் அப்படித்தான். குடும்பத்துக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. திருவிழா முடிஞ்சதும் வரவு செலவை எல்லாருக்கும் வாசிச்சாகணும். வாசிக்காத வருஷம் அடுத்த திருவிழாவுக்கு வசூல் இழுக்கும்.

மொய்க்கும் நன்கொடைக்கும் ஒரே வித்தியாசம்தான். மொய் என்னைக்காவது திரும்பி வரும். நன்கொடை வராது. குடுத்தவருக்கு நீங்க திருப்பித் தர முடிஞ்சது கணக்கு மட்டும்தான். நிதி திரட்டுறதைப் பத்தி எத்தனை வகுப்புக்குப் போனாலும் அடித்தளம் இதுதான். போஸ்டர், ரீல்ஸ், உருக்கமான வீடியோ எல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற சமாச்சாரம்.

உங்களுக்கு டிரஸ்ட் வேணுமா? பாதிப் பேருக்கு வேண்டாம்

என் தொழிலுக்கே வேட்டு வைக்கிற மாதிரி இருந்தாலும் சொல்லிடறேன். ஒரு தடவை செய்யப் போற வேலைக்கு டிரஸ்ட் ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிக்கிறது சுலபம். வருஷா வருஷம் ரிட்டர்ன், கணக்கு, தணிக்கைன்னு கட்டி மேய்க்கிறதுதான் கஷ்டம்.

அரசுப் பள்ளிக்குக் கட்டடமோ கம்ப்யூட்டரோ வேணுமா? தமிழ்நாடு அரசே 2022 டிசம்பர்ல "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி"ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு. அது வழியாவே குடுக்கலாம். ஊர்ப் பொது வேலைன்னா "நமக்கு நாமே" திட்டம் இருக்கு. மக்கள் பங்கு குறைஞ்சது மூணுல ஒண்ணு, மீதியை அரசு போடும். சில வேலைகளுக்கு விகிதம் மாறும், ஒன்றிய அலுவலகத்துல கேட்டுக்கங்க. யோசிச்சுப் பாருங்க, நீங்க திரட்டுற ஒரு லட்சம் மூணு லட்சம் ரூபாய் வேலையா மாறுது. எந்த மியூச்சுவல் ஃபண்டு குடுக்கும் இந்த வருமானத்தை?

உங்க தாலுக்காவுலயே ஒழுங்காக் கணக்கு வச்சிருக்கிற பழைய அமைப்பு ஏதாவது இருந்தா, அவங்களோட சேர்ந்து ஒரு தனித் திட்டமாச் செய்றது இன்னொரு வழி.

இல்லைங்க, மாசா மாசம், வருஷக் கணக்குல நடக்கப் போற வேலைன்னா அப்போ தனி அமைப்பு வேணும். சார் பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ற பொது அறக்கட்டளை, 7 பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ ஆரம்பிக்கிற சங்கம், கம்பெனிச் சட்டத்தோட 8வது பிரிவுல வர்ற லாப நோக்கமில்லாத கம்பெனின்னு மூணு வழி. சின்ன ஊர் வேலைக்கு அறக்கட்டளை போதும். பத்திரத்துல ரெண்டு விஷயம் கட்டாயம் இருக்கட்டும். அறங்காவலர்கள் யாரும் சொந்த லாபம் எடுக்கக் கூடாது. அமைப்பு கலைஞ்சா மீதிச் சொத்து இதே மாதிரி நோக்கம் உள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போகணும். இந்த வரிகள் இல்லாத பத்திரத்தோட வந்து 12ஏபி கேட்டு மாட்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன். டைப் அடிக்கிறவர்கிட்ட இருக்கிற பழைய மாதிரியை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

அப்புறம் அமைப்பு பேர்ல பான், அந்தப் பான்ல வங்கிக் கணக்கு. மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் பணம் எடுக்க முடியும்னு வைங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தராவது ஊர்லயே இருக்கணும். மூணு பேரும் பெங்களூர்ல இருந்தா எலக்ட்ரீஷியனுக்கு 800 ரூபாய் குடுக்க யாரோ ஒருத்தர் ஜிபே பண்ணுவார், பழைய கதை திரும்ப ஆரம்பிச்சிரும்.

அடுத்தது வருமான வரித் துறையில 12ஏபி பதிவும் 80ஜி அனுமதியும். முதல்ல 3 வருஷத்துக்குத் தற்காலிகமாக் கிடைக்கும், அப்புறம் வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்கணும். (2026 ஏப்ரல் 1ல இருந்து புதிய வருமான வரிச் சட்டம், அதுல பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேற. எல்லார் வாயிலயும் பழகினது பழைய பேர்தான்கிறதால அதையே எழுதறேன். விண்ணப்பிக்கும்போது புது எண்ணைப் பார்த்துக்கங்க.)

தேனியிலயே ஒரு பாடம் இருக்கு

தேனியில அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டிப் போகாத ஆள் நம்ம பக்கம் கம்மி. வீட்டுல யாராவது ஒரு பாட்டி அங்க கண்புரை ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க. அது எப்படிப் பணம் திரட்டி வளர்ந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில இருந்து 58 வயசுல ஓய்வு பெற்று, 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சார். பேரு கோவெல் டிரஸ்ட். ஆரம்பத்துல பெரிய நன்கொடையாளர் யாரும் வரிசையில நிக்கலை. வீட்டை அடமானம் வச்சாங்க, குடும்பத்து நகையை அடகு வச்சாங்க. அதாவது முதல் பணம் சொந்தப் பணம்.

நான் ரசிக்கிறது அதுக்கு அப்புறம் நடந்ததை. காசு குடுக்க முடிஞ்ச நோயாளிகிட்ட நியாயமான கட்டணம் வாங்கினாங்க. அதுல மிஞ்சினதை வச்சு, குடுக்க முடியாதவங்களுக்கு இலவசமாவோ ரொம்பக் குறைஞ்ச கட்டணத்துலயோ ஆபரேஷன். கிராமத்துல கண் முகாம் நடத்தும்போது லயன்ஸ் சங்கம், ரோட்டரி, உள்ளூர் வியாபாரிகள் மாதிரி யாராவது முகாம் பொறுப்பை ஏத்துப்பாங்க. இடம், விளம்பரம், முகாம் செலவு அவங்களோடது. டாக்டரும் ஆபரேஷனும் மருத்துவமனையோடது. இதுக்கு மேல அரசோட பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்துல இருந்து கண்புரை அறுவை சிகிச்சைக்கு மானியம். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் விலை அதிகம்னு தெரிஞ்சதும் 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சுத் தாங்களே தயாரிக்க இறங்கினாங்க. வெளிநாட்டுல சேவா ஃபவுண்டேஷன் மாதிரி அமைப்புகள் உதவினது உண்மைதான். தினசரிச் செலவு மட்டும் அந்த உதவியை நம்பி நிக்கலை.

ஒரு கணக்காளனாப் பார்த்தா எனக்குத் தெரியறது இதுதான்: நாலு வாய்க்கால்ல இருந்து தண்ணி வருது, ஒண்ணு வத்தினாலும் வயல் காயாது. முல்லைப் பெரியாறு தண்ணியை நம்பி இருக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பெரியாறுன்னதும் பென்னிகுவிக் ஞாபகம் வந்திருக்குமே. பொங்கல் அன்னைக்கு அவர் படத்துக்கு மாலை போடுற ஊர் நம்ம ஊர். சொத்தை எல்லாம் வித்து அணையை முடிச்சார்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருப்போம். 1895ல முடிஞ்ச அந்த அணை அன்றைய சென்னை மாகாண அரசோட திட்டம், அரசுப் பணம். சொத்தை வித்த கதைக்கு ஆதாரம் எங்கன்னு கேக்கிற ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க. நான் அந்தச் சண்டைக்குள்ள போகலை. ஆனா நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கதையைத்தானே நம்ம ஆட்கள் சொல்லிக்கிட்டிருக்காங்க? தன் கைக்காசை முதல்ல போட்டவனைத்தான் ஊர் நம்பும். அதனால அறங்காவலர்கள் தங்களோட பங்கை வங்கியில போட்டு, அந்த ரசீது எண் 1, 2, 3ஐ எடுத்துக்கிட்டு அப்புறம் வசூலுக்குக் கிளம்புங்க.

எவ்வளவு கேக்கிறது, யார்கிட்ட கேக்கிறது

"உங்களால் முடிந்ததைத் தாருங்கள்"னு மட்டும் எழுதாதீங்க. அது குடுக்கிறவருக்கு வீட்டுப்பாடம் வைக்கிற மாதிரி. கணக்குப் போட்டுக் கேளுங்க.

தம்பியோட படிப்பு மையத்தையே எடுத்துக்குவோம். இடத்து வாடகை 3,000, சொல்லிக் குடுக்கிற அக்காவுக்கு 6,000, கரண்டு 800, செய்தித்தாள், பத்திரிகை 700, மற்ற செலவு 1,500. மாசம் 12,000. பிள்ளைங்க 30 பேர். ஒரு பிள்ளைக்கு மாசம் 400 ரூபாய். "ஒரு பிள்ளை, ஒரு மாசம், 400 ரூபாய்"னு சொல்லிப் பாருங்க. ஓடிடி சந்தா கட்டுறவங்க எல்லாருக்கும் புரியற தொகை.

மாசம் 300 ரூபாய் ஆட்டோ டெபிட் போட 46 பேர் கிடைச்சா 13,800. வருஷத்துக்கு 1,65,600. செலவு 1,44,000. வந்ததுல 85 சதவீதத்தை அந்த வருஷமே நோக்கத்துக்குச் செலவழிக்கணும்னு வரி விதி இருக்கு. 85 சதவீதம்னா 1,40,760. தாண்டியாச்சு. மிஞ்சின 21,600 மழையில ஓடு உடைஞ்சா மாத்துறதுக்கு. ஒரே தடவையில நாலு லட்சம் வாங்குறதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். எஸ்ஐபியைப் பத்தி இத்தனை வீடியோ பார்த்த உங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்லணுமா?

ஊர்ப் பெரியவங்ககிட்ட காசாத்தான் கேக்கணும்னு இல்லை. மரக்கடைக்காரர் பெஞ்சு தருவார், பெயின்ட் கடைக்காரர் பெயின்ட் தருவார். அதுக்கும் மதிப்புப் போட்டு ரசீது குடுங்க. கேக்கிற நேரமும் முக்கியம். திராட்சைத் தோட்டக்காரரை அறுவடை முடிஞ்சு பணம் கைக்கு வந்த வாரத்துல பாருங்க. ஏலக்காய் விலை நல்லா இருக்கிற வருஷம் போடியில கேளுங்க, விலை விழுந்த வருஷம் நலம் மட்டும் விசாரிச்சுட்டு வந்துருங்க. அடுத்த வருஷம் அவரே கூப்பிடுவார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெரியவங்க மையத்தைப் பயன்படுத்தினா சின்னதாக் கட்டணம் வாங்கலாமா? அரவிந்த் மாதிரி யோசிக்கிறீங்க, சபாஷ்! ஆனா கட்டணத்துக்குச் சட்டத்துல தனி விதி இருக்கு. "பொது நலன்" வகையில வர்ற அமைப்புன்னா வணிகம் மாதிரியான வரவு மொத்த வரவுல 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்க ஆடிட்டரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

80ஜி: எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம்

"80ஜி இருக்கு, குடுத்ததுல பாதி திரும்ப வந்துரும்"னு சொல்லி வசூல் பண்றவங்களைப் பார்த்திருப்பீங்க. தப்பு. நீங்க 6,000 ரூபாய் குடுத்தா அதுல பாதி, 3,000 ரூபாய், உங்க வருமானத்துல இருந்து கழியும். 20 சதவீத ஸ்லாப்னா செஸ் சேர்த்து மிச்சம் 624 ரூபாய். 30 சதவீதம்னா 936. அவ்வளவுதான். இதுக்கும் வருமானத்துல 10 சதவீதம்னு ஒரு உச்ச வரம்பு இருக்கு. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அதுக்குச் சலுகையே இல்லை.

இன்னும் முக்கியமானது: புதிய வரி முறையில 80ஜி கிடையாது. 2025-26 நிதியாண்டுல சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் புதிய முறையில வரியே வராதுங்கிறதால உங்க நண்பர்கள்ல முக்கால்வாசிப் பேர் அதுலதான் இருப்பாங்க. அவங்ககிட்டப் போய் வரிச் சலுகைன்னு பேசினா சிரிப்பாங்க. பழைய முறையில இருக்கிற மூத்தவங்க, கடைக்காரங்களுக்குத்தான் அது பயன்படும். உங்க வயசுக்காரங்களுக்கு "ஒரு பிள்ளை, 400 ரூபாய்" போதும்.

80ஜி வாங்கினா உங்களுக்கும் ஒரு கடமை வரும். வருஷத்துல யார் யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு 10பிடி படிவத்துல மே 31க்குள்ள தாக்கல் பண்ணி, 10பிஇ சான்றிதழ் எடுத்துக் குடுக்கணும். தாமதமானா ஒரு நாளைக்கு 200 ரூபாய். அதனால ரசீது போடும்போதே பேர், முகவரி, பான் மூணையும் வாங்கிருங்க. டிரஸ்ட் க்யூஆர் கோடை ஃபேஸ்புக்ல போட்டு, யார் அனுப்பினாங்கன்னே தெரியாம வர்ற பணத்துக்கும் சிக்கல் உண்டு. அடையாளம் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய், இல்லைன்னா மொத்த நன்கொடையில 5 சதவீதம், இதுல எது அதிகமோ அதைத் தாண்டினா, தாண்டின பணத்துக்கு 30 சதவீத வரி.

"துபாய்ல இருக்கிற மச்சான் தர்றேங்கிறான்"னு தம்பி கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவர் தன் சொந்தச் சேமிப்புல இருந்து முறையா வங்கி வழியா அனுப்பினா பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்ட சித்தப்பான்னா, அவர் சொந்த ரத்தமா இருந்தாலும் சட்டத்துக்கு அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாம ஒரு ரூபாய் தொடக் கூடாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைல்ல வைங்க.

கம்பெனிகளோட சிஎஸ்ஆர் பணத்தை முதல் வருஷத்துல கனவு காணாதீங்க. 12ஏபி, 80ஜி, மூணு வருஷ அனுபவம், சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் கேப்பாங்க. அதுக்குப் பதிலா உங்க கம்பெனியில ஊழியர் குடுக்கிற நன்கொடைக்கு ஈடாக் கம்பெனியும் போடுற திட்டம் ஏதாவது இருக்கான்னு எச்ஆர்ல ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.

தம்பி கதைக்கு வருவோம்

முதல் வேலையா, 71 பேர் பட்டியலையும் பில்லுகளையும் ஒரே ஷீட்ல போட வச்சேன். கொத்தனார், தச்சர்கிட்ட போய் வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டு வந்தார். 23,000 ரூபாயைத் தன் கையில இருந்து எடுத்துத் தனிக் கணக்குல போட்டார். "நான் எடுக்கலையேண்ணே"ன்னு கண் கலங்கினார். எடுத்தீங்கன்னு நானும் சொல்லலை தம்பி, ஆனா கணக்குல அது இல்லையே. பேங்க்ல அந்த ஷீட்டையும் விளக்கக் கடிதத்தையும் குடுத்திருக்கார், கடன் இன்னும் பரிசீலனையில இருக்கு. ஷீட்டைக் குரூப்லயும் போட்டார். "மீதி எவ்வளவு மாப்ள?"னு கேட்ட நண்பர் ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டிருக்கார். பேச்சு வார்த்தை இன்னும் இல்லை. ஆனா அறக்கட்டளைப் பத்திரம் எழுதினப்ப, பணம் எடுக்கக் கையெழுத்துப் போடுற மூணு பேர்ல ஒருத்தரா அவர் பேரைத்தான் தம்பி எழுதச் சொன்னார்.

போன வாரம் முதல் ரசீதுப் புத்தகம் அச்சடிச்சு ஊருக்குப் போயிருக்காங்க. வாழை போட்டிருக்கிற ஒரு பெரியவர் 500 ரூபாய் குடுத்திருக்கார். பான் கார்டு இல்லைன்னதும் ஆதார் எண்ணை எழுதிக்கிட்டு, "ஐயா, உங்களுக்கு வரியெல்லாம் இல்லையே, ரசீது நாளைக்குத் தரட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க.

"வரி கிடக்கட்டும்யா, இப்பவே குடு. மொய் நோட்டுல ஒட்டி வைக்கணும்"னாராம்.